தானாக நிரம்பிய டேங்க்

சாவியைத் திருப்பினாள். முள் எழுந்தது.

அதில் ஒன்றும் அதிசயமில்லை. சாவியைத் திருப்பினால் எந்தக் காரிலும் பெட்ரோல் முள் எழத்தான் செய்யும். இந்தக் காரில் அது கொஞ்சம் சோம்பேறி. வயதான வண்டி. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி மெல்லத் தலை தூக்கி, டேங்க்கில் எவ்வளவு இருக்கிறதோ அந்த இடத்தில் போய் நிற்கும். நேற்று சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய கணவர், "கால்வாசிதான் இருக்கு, நாளைக்குப் போடணும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். ஆக, முள் கால்வாசியில் நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

கால்வாசியைத் தாண்டியது. அவசரமே இல்லாமல் பாதியையும் தாண்டியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். முக்காலும் போயிற்று. யாரும் ஒரு சொட்டு ஊற்றாத டேங்க், அடியில் ஏதோ ஊற்றுக்கண் திறந்துகொண்டதைப் போல நிரம்பிக்கொண்டே வந்தது. கடைசிக் கோட்டையும் தாண்டி, முள் ஓரத்து ஆணியில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"இன்னைக்குமா?" என்று முள்ளைப் பார்த்துக் கேட்டாள்.

வீட்டுக்குள் கணவர் இருமும் சத்தம் கேட்டது. அவருடைய சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சொந்தக் காரின் சாவியைத் திருட்டுத்தனமாக எடுக்க வேண்டிய நிலைக்கு வந்தாகிவிட்டது. நின்று யோசிக்க நேரமில்லை. கியரைப் போட்டாள். கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பிய பிறகுதான் பிடித்த மூச்சை விட்டாள்.

நாலு மணிக்கு ஞாபக சக்தி டாக்டர். மகள் ஏற்பாடு. அதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். கெட்டுப்போனது காரா, அவளா?

அவளை ஊரில் பாதிப் பேருக்குக் கர்ட்டன் அம்மா என்றுதான் தெரியும். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, துணி வெட்டி, தைத்து, கம்பியில் மாட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். துணிச் சுருளும் கம்பிகளும் ஆட்டோவில் அடங்காது, பஸ்ஸில் ஏற்ற விடமாட்டார்கள். அதனால் கார் இல்லையென்றால் தொழில் இல்லை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். ஜன்னலைக் கண்ணால் பார்த்தே அகலம் சொல்வாள். நாடாவைப் பிடித்துச் சரிபார்த்தால் கால் அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். உயரம் மட்டும் கடவுள் கஞ்சத்தனம் பண்ணிவிட்டார். கணவர் அவளைக் கூப்பிடுவதே "குட்டை" என்றுதான். அவர் நேர்மாறு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேனும் அவரும் ஒரே பட்டறையில் செய்ததா என்று கூட வேலை பார்த்தவர்களே கேலி செய்வார்கள். இருவரும் தெருவில் சேர்ந்து நடந்தால் ஒருவர் கைப்பிடி, ஒருவர் குடை மாதிரி இருக்கும்.

முதல் தடவை முள் தானாக ஏறியபோது அவள் சந்தோஷப்பட்டாள். பெட்ரோல் போட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி சாப்பிடும்போது, "டேங்க் நிரப்பிட்டீங்களே, என்ன விசேஷம்?" என்று கேட்டாள். "நானா? நான் போடலையே" என்றார். இரண்டாம் தடவை கேட்டிலேயே ஹாரன் அடித்து அவரைக் கூப்பிட்டாள். வந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. எந்த இயந்திரத்தையும் அதன் ஆசனத்தில் உட்கார்ந்துதான் பார்ப்பார். "இறங்கு" என்றார். இறங்கினாள். ஏறி உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது முள் நல்ல பிள்ளையாகக் கால்வாசியில் படுத்திருந்தது. "எங்க ஃபுல்லு?" என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள்.

பிறகு சிரிப்பு நின்றது. பாலத்தின் நடுவில் கார் இருமி, விக்கி, நின்றுபோன நாளில் நின்றது. பின்னால் வரிசையாக ஹாரன்கள். அவளுடைய முள்ளோ முழு டேங்க் காட்டிக்கொண்டிருந்தது. கணவர் கேனோடு ஓடி வந்து, உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "முள்ளு தரையில கிடக்கு. இதக்கூடவா பாக்கல?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. தானே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஒர்க் ஷாப்புக்குப் போய் டேங்க்கின் மிதவையை மாற்றிக்கொண்டு வந்தார். இன்னொரு இடத்தில், உடைசலுக்கு வந்த காரிலிருந்து மீட்டரையே கழற்றிப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு "பக்கா" என்றார்கள். அவர் ஓட்டினால் பக்காதான். அவள் உட்கார்ந்தால் டேங்க் நிரம்புகிறது. போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். "டேங்க் ஃபுல்லா இருந்தப்ப எடுத்த படமா இருக்கும்மா" என்று மகள் பதில் போட்டாள். அதற்கு மேல் அவள் யாருக்கும் எதையும் காட்டவில்லை. அந்த முள் ஆள் பார்த்து நடிக்கிறது என்று மனசுக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது. அப்படி எண்ணம் வருவதுதானே அந்த வியாதி?

ஏனென்றால் அவளுடைய அம்மாவுக்கு அது இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் காலை நாற்காலியில் உட்கார்ந்தபடி, "கடிகாரம் பின்னால ஓடுது பாரு" என்றாள் அம்மா. எல்லோரும் திரும்பிச் சுவரைப் பார்த்தார்கள். கடிகாரம் ஒழுங்காக முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் அதுதான் வேடிக்கை. "அம்மா, இப்ப மணி என்ன, நேத்தா நாளைக்கா?" அடுத்த வருஷம் அம்மா பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொன்னாள். அதற்கடுத்த வருஷம் பெயரே சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கடிகார முள். அவளுக்குப் பெட்ரோல் முள். குடும்பச் சொத்து எப்படியெல்லாம் கைமாறுகிறது.

மீட்டர்காரரின் கடை, டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நுழைந்ததும் அவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். சுவர் முழுக்க முகங்கள். பழைய கார்களிலிருந்து கழற்றிய வட்ட வட்ட மீட்டர்கள், ஆணியில் அடித்து, தரையிலிருந்து கூரை வரைக்கும். ஒன்று நூறு கிலோமீட்டர் வேகத்தில் நின்றிருந்தது. ஒன்று கொதிநிலையில். ஒன்று காலி டேங்க்கில். அத்தனை முட்களும் தங்கள் கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு அப்படியே உறைந்திருந்தன.

"உள்ள வாங்கம்மா. பயப்படாதீங்க, எல்லாம் செத்ததுதான்" என்றார் மீட்டர்காரர். நாற்பது வயதிருக்கும். தொப்பை ஆளுக்கு முன்னால் வந்து வரவேற்றது. காதில் ஒரு டெஸ்ட்டர் செருகியிருந்தது.

"தம்பி, என் கார்ல பெட்ரோல் தானா ஏறுது."

அவர் சிரிக்கவில்லை. "அப்ப தினமும் காலையில கொஞ்சம் எனக்கும் ஊத்துங்க" என்றபடி போய்க் கதவைத் திறந்தார். சீட்டுக்கு அடியில் கைவிட்டுக் கம்பியை இழுத்து, சீட்டைக் 'கரக்' என்று பின்னுக்குத் தள்ளி, தொப்பையை ஸ்டியரிங்குக்குக் கீழே பத்திரமாக இறக்கி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். அவள் ஜன்னலோரம் நின்று பார்த்தாள்.

முள் எழுந்தது. கால்வாசியில் நின்றது.

வழி முழுக்க ஆணியில் முட்டிக்கொண்டு நின்ற முள். கடைவாசலில் வண்டியை நிறுத்தும்வரை நின்ற முள்.

"கால்வாசி காட்டுதேம்மா."

"நான் ஓட்டுறப்பதான் ஏறும்."

மீட்டர்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அம்மாவை எல்லோரும் அப்படிப் பார்த்தபோது அவளும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். ஆனால் அவர் இறங்கிப் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளிருந்த துணிச் சுருள்களை ஒதுக்கிவிட்டு, டேங்க்கின் தலையில் இருந்த மூடியைக் கழற்றி, ஒரே ஒரு வயரைப் பிடுங்கினார்.

"அம்மா, மீட்டரைப் பாத்துச் சொல்லுங்க."

"இறங்குது... இறங்கிடுச்சு. காலி."

"இப்ப?"

வயரின் முனையைக் காரின் தகரத்தில் வைத்திருக்கிறார் போல. முள் அசைந்தது. எழுந்தது. கால், பாதி, முக்கால். அதே நிதானம், அதே மிடுக்கு. ஆணியில் போய் முட்டியது. அவள் கழுத்து நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தான் தனியாக, திருட்டுத்தனமாகப் பார்த்துவந்த ஒன்றை ஒரு மனிதர் பட்டப்பகலில் செய்து காட்டுகிறார்.

"இதுதான், தம்பி. இதேதான் நான் பாக்குறது!"

"இது டேங்க் பேசுற வயரு" என்றார் அவர் டிக்கியிலிருந்து தலை நீட்டி. "பெட்ரோல் குறையக் குறைய மிதவை இறங்கும், கரண்ட்டுக்கு வழி இறுகும், முள்ளு இறங்கும். நடுவழியில இந்த வயரு எங்கயாவது வண்டி உடம்பைத் தொட்டுச்சுன்னு வைங்க, கரண்ட்டுக்குக் குறுக்கு வழி கிடைச்ச குஷி. காலி டேங்க்கும் ஃபுல்லுன்னு கத்தும். அதனால நீங்க சொல்றது நடக்கும்மா. நடக்குற விஷயந்தான்."

நடக்கும் என்ற ஒரு சொல்லுக்கே அவள் கண் கரித்தது. ஆனால் அவர் விரலை உயர்த்தினார். "எங்க தொடுதுன்னு தெரியணுமே. அதான் பேஜாரு."

அதன் பிறகு நடந்தது ஒரு வேட்டை. டேஷ்போர்டைத் திறந்து மீட்டரை வெளியே இழுத்துத் தொங்கவிட்டார்; பிடுங்கிய கண் மாதிரி அது ஆடிக்கொண்டிருந்தது. வயரின் இரண்டு முனையையும் அவிழ்த்து அந்தரத்தில் விட்டார். டிக்கியில் மல்டிமீட்டரை வைத்து, ஒரு கவ்வியை வயரிலும் மற்றதைத் தகரத்திலும் மாட்டினார். "எங்கயாவது தொட்டா இது பீப்புன்னு கத்தும். கத்துச்சுன்னா திருடன் சிக்கிட்டான்."

கத்தவில்லை. டேஷ்போர்டுக்குள் கையை விட்டு வயர்க் கற்றையை உலுக்கினார். கத்தவில்லை. கதவை அடித்துச் சாத்தினார். காரை நாலு மூலையிலும் ஏறிக் குதித்து ஆட்டினார், டயர் கடைக்காரர் வந்து "கார் என்ன தப்பு பண்ணுச்சு?" என்று விசாரித்துவிட்டுப் போனார். டேங்க்குக்கு அடியில் படுத்து ரப்பர் சுத்தியலால் தட்டினார். மல்டிமீட்டர் வாயே திறக்கவில்லை. கடைசியில் எழுந்து, வேட்டியிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வயரு சுத்தமா இருக்கும்மா."

"அப்ப..."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. ஆனா வயரும் பொய் சொல்லல."

அவருடைய நேர்மை அவளுக்குப் புரிந்தது. அதுதான் பயமாக இருந்தது. பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. மகளாக இருக்கும், இல்லை கணவராக. எடுத்து என்ன சொல்வது? வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். டாக்டர் ஏதோ படம் காட்டுவார். இது என்ன, அது என்ன என்று கேட்பார். கடிகாரம் வரையச் சொல்வார்களாம். பக்கத்து வீட்டம்மா சொல்லியிருக்கிறாள். எந்தப் பக்கம் ஓடுகிற கடிகாரத்தை வரைவது?

"நான் ஒரு டீ அடிச்சிட்டு வந்து மீட்டரை மாட்டித் தர்றேன். நீங்க கார்ல உக்காருங்க. வெயிலு கொளுத்துது" என்றார் மீட்டர்காரர்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். பையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினாள். சீட்டுக்கு அடியில் கையை விட்டுக் கம்பியைப் பிடித்து, உடம்பை முன்னால் தள்ளி...

பீப்ப்ப்ப்ப்ப்ப்.

டீக்கடையைப் பார்த்து நடந்துகொண்டிருந்த மீட்டர்காரர் திரும்பினார். திரும்பிய வேகத்தில் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது.

"என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே!"

"பண்ணீங்க. ஏதோ பண்ணீங்க. அசையாதீங்க, அப்படியே இருங்க!"

மல்டிமீட்டர் பசித்த குழந்தை மாதிரி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அவர் ஜன்னலில் இரண்டு கையையும் ஊன்றி, மூச்சிரைக்கக் குனிந்தார். கொலை நடந்த வீட்டில் விசாரிக்கிற போலீஸ்காரரின் முகம்.

"முதல்லருந்து சொல்லுங்க. ஏறினீங்க. அப்புறம்?"

"கதவைச் சாத்தினேன்."

"அத நானும் சாத்தினேன். அப்புறம்?"

"பையை வச்சேன். கண்ணாடியத் திருப்பினேன். சீட்டை முன்னால..."

அவள் நிறுத்தினாள். மல்டிமீட்டர் மட்டும் கத்தியது. அவள் மெதுவாகக் குனிந்து கம்பியைப் பிடித்து, சீட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். கரக். சத்தம் நின்றது. கொட்டகையில் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் ஓசை அப்போதுதான் காதில் விழுந்தது. முன்னே இழுத்தாள். பீப். பின்னே. அமைதி. முன்னே. பீப்.

"அட" என்றார் மீட்டர்காரர். தலையில் கைவைத்துக்கொண்டார். "அட, அட, அட. நான் ஏறினதும் முதல் வேலையா சீட்டைத் தள்ளினேன்ல? உங்க வீட்டுக்காரரு?"

"அவரு கிரேன் உசரம். தள்ளாம ஏறவே முடியாது."

"மிதவை மாத்தினவன்? மீட்டர் மாத்தினவன்?"

எல்லோரும் தள்ளியிருப்பார்கள். அவள் அந்த ஆண்களையெல்லாம் மனசுக்குள் வரிசையாகப் பார்த்தாள். ஒவ்வொருவரும் ஏறுகிறார், கீழே கைவிடுகிறார், கரக் என்று தள்ளுகிறார், காலை நீட்டுகிறார், பிறகு பார்க்கிறார். உண்மையைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் உட்காரும்போதே அதைத் தள்ளிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் ஒருவர்கூட உட்காரவில்லை.

அவர் சீட்டுக்கடியில் டார்ச்சை அடித்துத் தரைவிரிப்பை ஓரமாகத் தூக்கினார். அவள் இறங்கி, தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். சீட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்துக்கு அடியில் ஒரு வயர்க் கற்றை. அதில் ஒன்று மட்டும் நசுங்கித் தோலுரிந்து, உள்ளே ஒரு செப்பு இழை, தலைமுடி கனம்கூட இல்லை, டார்ச் வெளிச்சத்தில் மினுக்கென்றது. அந்த இழைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே துணி நூல் போகிற இடைவெளி. சீட் முன்னே வந்து, அவள் பாரம் அதில் இறங்கினால், இழை இரும்பைத் தொடும். தொட்டால் டேங்க் நிரம்பும். டேங்க் நிரம்பினால் மகள் டாக்டரைக் கூப்பிடுவாள்.

இவ்வளவு சின்னது. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனை மாதத்துத் தூக்கத்தைத் தின்ற பூதம் அது. சந்திர கிரகணத்தைப் பார்க்கிறவர்களைப் போல இருவரும் தலையோடு தலை முட்ட அந்த மினுக்கையே பார்த்தார்கள்.

"சமீபத்துல சீட்டைக் கழட்டினீங்களா?" என்றார் அவர்.

கழற்றினார்கள். கணவர்தான். அவளுக்கே தெரியாமல் காரைக் கொண்டுபோய்ப் புது சீட் கவர் போட்டுக்கொண்டு வந்து, கேட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தார். "ஊருக்கெல்லாம் துணி மாட்டுற. உன் முதுகுக்கு நல்ல துணி வேணாமா, குட்டை?" என்றார். அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. அதை மறைக்க வைப்பரைப் போட்டு, காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கவர் போட்டவன் சீட்டைத் திரும்ப இறக்கியபோது வயர் அடியில் சிக்கியிருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

ஏனென்றால் மண்டியிட்டிருந்த அந்த நிலையில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அம்மாவின் அறை கண்முன் வந்து நின்றது. அம்மா உட்காரும் நாற்காலி. கடிகாரம் அதற்குப் பின்பக்கச் சுவரில். அதனால்தான் அன்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் அம்மா திரும்பவில்லை. அம்மா நேராகப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அம்மாவுக்கு நேர் எதிரே என்ன இருந்தது?

பீரோ. ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ.

கண்ணாடிக்குள் கடிகாரம் எந்தப் பக்கம் ஓடும்?

அம்மாவுக்கு வியாதி இருந்திருக்கலாம். இருந்தது. கண்ணாடி என்று தெரியாமல் போனதே வியாதியாக இருக்கலாம். ஆனால் அம்மா பார்த்ததைத்தான் சொன்னாள். முள் பின்னால்தான் ஓடியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, அம்மாவின் உயரத்தில் தலையை வைத்து, ஒரே ஒரு தடவை யாராவது பார்த்திருந்தால், "ஆமாம்மா, ஓடுது" என்று சொல்லியிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

"டேப் சுத்தி, வயரை ஓரமா இழுத்துக் கட்டிட்டா முடிஞ்சிடும்மா. ஒரு டீ குடிக்கிற நேரம்" என்று மீட்டர்காரர் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

"வேணாம், தம்பி."

"என்னது?"

"இன்னைக்கு வேணாம். மீட்டரை மட்டும் மாட்டிக் குடுங்க. நாளைக்குக் கொண்டாறேன். இது அப்படியே இருக்கட்டும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு புரிந்தது போல, தொப்பை குலுங்கச் சிரித்தார். "சாட்சியைக் கலைக்கக் கூடாதுங்கறீங்க."

அவர் மீட்டரை மாட்டி முடித்ததும், அவள் பையிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்கை எடுத்தாள். ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் சீட்டை முன்னே இழுத்து, கதவுப் பக்கம் தண்டவாளத்தில் சீட் நிற்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு போட்டாள். ஜன்னலுக்குக் கம்பி மாட்டும் இடத்தைக் குறிப்பது போல, நேராக, மெல்லியதாக. வழியில் பெட்ரோல் போடவில்லை. முள் ஆணியில் முட்டி நிற்க, அடியில் கால்வாசி டேங்க்கோடு, அந்தப் பொய்யைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பத்திரமாக வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தாள்.

கணவர் கேட்டில் நின்றிருந்தார். வெளியே போகிற சட்டை, தலை சீவி, கையில் ஆஸ்பத்திரிக் கவர். தூரத்திலிருந்தே கை ஆட்டினார்.

"போனை எதுக்கு வச்சிருக்க? பொண்ணு அங்க வந்து காத்துக்கிட்டு நிக்கிறா. சாவியை எப்ப எடுத்த? உன்ன நான் எங்கெல்லாம்..." அவர் பயந்து போயிருந்தார். அந்த நெட்டை மனிதரின் பயம் கேட்டுக்கு மேலே நின்றது.

அவள் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்க."

"நேரமாச்சும்மா. தள்ளு, நானே ஓட்டுறேன்."

"ஓட்டத்தான் சொல்றேன். உக்காருங்க."

அவர் குனிந்தார். பழக்கத்தில் கை சீட்டுக்கு அடியில் போயிற்று.

"தள்ளாதீங்க."

"தள்ளாம எப்படி உக்கார்றது?"

"நான் உக்கார்ற மாதிரி."

அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு காலை உள்ளே விட்டார். இன்னொன்றை மடக்கி, இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தார். மழைக்குப் பிறகு குடையை மடக்குவது போல ஒவ்வொரு கம்பியாக மடங்கினார். முழங்கால்கள் ஸ்டியரிங்கின் இரண்டு பக்கமும் மேலே வந்து நின்றன. தலை கூரையில் இடித்தது, கழுத்தைச் சாய்த்துக்கொண்டார். உள்கண்ணாடியில் அவருக்குச் சாலை தெரியவில்லை, பின் சீட்டுதான் தெரிந்தது. சீட் வெள்ளைக் கோட்டை விட்டு நூல்கூட நகரவில்லை.

"இப்படியா தினமும் ஓட்டுற?" என்றார், வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ வந்துவிட்டவர் மாதிரி. "பானட்டு இவ்ளோ பெருசா தெரியுது."

"சாவியைத் திருப்புங்க. இஞ்சின் வேணாம். சும்மா திருப்புங்க."

திருப்பினார்.

முள் எழுந்தது. அவர் அலட்சியமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கால்வாசிக்கு வந்தது. அவர் தலையை ஆட்டி, "ம், கால்வாசி" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல் முடியும் முன் முள் அதைத் தாண்டியது. அவர் வாய் அப்படியே நின்றது. நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கீழே இழுத்துக்கொண்டார். பாதி. முக்கால்.

"ஏறுது" என்றார் குசுகுசுவென்று. சத்தமாகச் சொன்னால் அது பறந்துவிடும் என்பது போல. "ஏய்... ஏறுது."

பையில் போன் மறுபடி அதிர ஆரம்பித்தது. இருவரும் எடுக்கவில்லை. முள் கடைசிக் கோட்டைத் தாண்டி ஆணியில் முட்டி, லேசாக நடுங்கி நின்றது. அவர் அதைத் தொடப் போகிறவர் போல ஒரு விரலை நீட்டி, கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திக்கொண்டார். அவருடைய முழங்கால் வலியில் துடித்தது, அவளுக்குத் தெரிந்தது. கை தன்னையறியாமல் சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியைத் தேடி இறங்கியது.

கிரேன் ஓட்டிய காலத்தில் அவர் அடிக்கடி சொல்வார். மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது; கீழே எறும்பு மாதிரி ஒருத்தன் நின்று கை காட்டுவான், அந்தக் கைதான் தனக்குக் கண்ணு. அந்தக் கையை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை என்பார்.

அவள் கதவை விட்டு ஓரடி பின்னால் வந்தாள். கழுத்து நாடா காற்றில் ஆடியது. வலது கையைத் தோள் உயரத்துக்கு உயர்த்தி, உள்ளங்கையை அவர் பக்கம் விரித்துக் காட்டினாள்.

கம்பியைத் தேடிப் போன கை நின்றது. மடங்கிய உடம்போடு, கூரையில் முட்டிய தலையோடு, அவர் அவள் கையையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.